நாலடி காணும் என்றவர்

பந்து காற்றில் ஏறியதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. ஈரம் ஊறிப் பூத்த ஒரு மஞ்சள் கறை. எப்போதோ கழற்றப்பட்ட ஒரு படத்தின் வெளிறிய சதுரம். ஆனால் தொலைக்காட்சிக்குள், தலைக்கவசம் போட்ட யாரோ ஓர் அமெரிக்கன் அந்த முட்டைவடிவப் பந்தைத் தோளுக்கு மேல் தூக்கி வீசிய கணத்திலிருந்து, அது இன்னொருவன் கையிலோ மண்ணிலோ போய்ச் சேரும் வரைக்கும், அவர் அந்தக் கறையையே பார்த்திருப்பார். கூட்டத்தின் இரைச்சல் அடங்கிய பிறகு மெல்லக் கேட்பார்.

“என்ன நடந்தது, பிள்ளை?”

“பிடிச்சிட்டான் அண்ணை.”

“ம்… இந்தமுறை பிடிச்சிட்டான்.”

அந்த ‘இந்தமுறை’ என்ற சொல்லுக்குள் ஒரு குளிர் இருந்தது. லண்டன் குளிர் அல்ல, அதற்கும் முந்தியது. எனக்கு அது முதுகில் ஏறும். ஏனென்றால் நானும் அப்படி எறியப்பட்டு வந்தவள்தான்.

தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், பஸ் தரிப்புக்கு எதிரே ஒடுங்கி நின்ற வீடு அது. கீழே நானும் என் கணவர் ரவியும். மேலே, பின்பக்க அறையில் அவர். ரவி அவரை அண்ணை என்றார். வந்த நாளிலிருந்து எனக்கும் அவர் அண்ணை. சனி இரவில் பெற்றோல் நிலையத்துக் காசுப்பெட்டிக்குப் பின்னால் விடியும்வரை நிற்பார். ஞாயிறு பகலெல்லாம் தூங்குவார். பின்னேரம், சறமும் கம்பளிச் சட்டையுமாக, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தியபடி படியிறங்கி வருவார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்ததில் இறங்குவார். அந்த நேரத்தில்தான் அமெரிக்க உதைபந்து போகும். அப்போது இந்த நாட்டுக்கே அது புதினம். ஆங்கிலம் பாதி விளங்காத எங்களுக்கு, சொல் தேவைப்படாத ஒரு சண்டையாக அது வசதியாக இருந்தது.

விதி சின்னது. பந்து வைத்திருப்பவர்களுக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் முப்பது அடி முன்னேறினால் மேலும் நாலு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். ஆகவே மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, நாலாவதில் பெரும்பாலும் தாங்களே பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிடுவார்கள், எதிரி நெடுந்தூரம் நடந்து வரட்டும் என்று. முன்னேற வழி இரண்டு. ஒன்று, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்கள் மோதிக் குவியும் நடுவுக்குள் தலையைக் குனிந்து ஓடுவது. இரண்டடியோ நாலடியோ கிடைக்கும், விலா நோகும், பந்து பத்திரம். மற்றது எறிவது. ஒரே வீச்சில் மைதானத்தின் பாதியைக் கடக்கலாம். இடையில் எதிரி பாய்ந்து பறித்துக்கொண்டும் போகலாம். எதைச் செய்வதென்று கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் ஒவ்வொரு தரமும் முடிவெடுப்பார்.

எங்கள் வீட்டில் அவர் முடிவெடுப்பார். வலக்கையை வாள்போல நீட்டி, காற்றை நேராகக் கீறி, “நடுவாலை” என்பார், நடுவுக்குள்ளால் ஓடட்டும் என்று. அடுத்த தரமும் நடுவாலை. அதற்கடுத்ததும் நடுவாலை. எவனாவது நாலடி போய் ஐந்து பேருக்குக் கீழே புதைந்தால், முகம் மலரும்.

“நாலடி காணும். அது போதும்.”

“அண்ணை, இதென்ன விளையாட்டோ, பாண் கடை வரிசையோ?” என்பார் ரவி. “நாலடி நாலடியா நகர்ந்து எப்ப போய்ச் சேருறது?”

“சேருவம் தம்பி. பந்து கையிலை இருக்குத்தானே.”

அவருக்கென்று ஓர் அணி இருந்தது. புகைபோக்கிகளும் பனியுமான ஏதோ ஒரு நகரத்து அணி. அதன் பயிற்சியாளர் தடித்த மனிதர். கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்போல நிற்பார். எறியவே விடமாட்டார். விமர்சகர்கள் அவரை வைத்துச் சிரிப்பார்கள். அண்ணைக்கோ அவரில் ஒரு வாஞ்சை. “உந்த மனுசன் குடும்பகாரன். முகத்திலை தெரியுது” என்பார்.

அவருடைய ஒரே கோபம் நிகழ்ச்சியை வெட்டி ஒட்டுகிறவர்கள் மேல்தான். முழு ஆட்டத்தையும் சுருக்கித்தான் போடுவார்கள். அதில் எறிந்ததெல்லாம் இருக்கும், ஓடியதில் பாதி இராது. “பாத்தியே பிள்ளை! நடுவாலை போனதெல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்கள். எறிஞ்சுதான் வெண்டாங்கள் எண்டு சனம் நினைக்கப்போகுது.” வெட்டுப்பட்டுப் போன அந்த நாலடிகளுக்காக உலகத்தில் இரங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்தவர். பிந்தின பஸ் எப்படியும் வரும், முந்தின பஸ் போனது போனதுதான் என்பது அவருடைய வேதம். வெள்ளிக்கிழமைகளில் ரவியின் கூட்டாளிகள் வந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். கை நிறையப் பெரிய சீட்டு இருந்தாலும் அவர் ஏலம் கேட்க மாட்டார். மற்றவன் கேட்டு அழியட்டும் என்று இருப்பார். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையைத் தோளில் தொங்கவிடமாட்டார், நெஞ்சோடு அணைத்துத்தான் நடப்பார். சிவப்பு பஸ்ஸின் பின்படியில் எல்லாரும் ஓட்டத்திலேயே தாவி ஏறி இறங்குகிற காலத்தில், அது முழுதாக நின்று மூச்சுவிட்ட பிறகுதான் அவர் கால் தரைக்கு வரும். ஒருமுறை அதற்குள் பஸ் மறுபடி வெளிக்கிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி மழைக்குள் திரும்பி நடந்து வந்தார். அதையும் இலாபமாகவே சொன்னார்: “விழேல்லைத்தானே.”

ஆனால் இதையெல்லாம் எதற்காகச் சேமித்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மனைவியும் மகளும் ஊரில். மகளுக்கு ஏழு வயதில் விட்டுவிட்டு வந்தவர். அவளைக் குஞ்சு என்றுதான் சொல்வார். அவர்கள் இருவரையும் இங்கே கூப்பிட வேண்டும். அவர் வாழ்க்கையில் வேறு ஆட்டம் இல்லை.

நான் வந்து இறங்கிய அன்று அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, பயணம் எப்படி என்பதல்ல.

“எத்தினை கை மாறி வந்தனீங்கள், பிள்ளை?”

நான் சொன்னேன். ரவி, களவாக ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து என்னைக் கூப்பிட்டிருந்தார். வேறொருத்தியின் பெயரில் ஒரு பயணப்பத்திரம். ஒரு நகரத்தில் திரை மூடிய அறைக்குள் பதினொரு பேர், ஒரே அடுப்பு. இன்னொரு நகரத்தில் விமான நிலையத்துக் கழிப்பறைக்குள், வரும் வரும் என்று சொன்ன ஒரு மனிதனுக்காக இருந்த இருப்பு. கடைசியில் அந்த மனிதன் வந்தான். அவ்வளவுதான் கதை. வராமலும் விட்டிருக்கலாம்.

அவர் ரவியைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. களவெடுத்தவனைப் பார்ப்பதுபோல் அல்ல. பிள்ளையைக் கிணற்றுக்கட்டில் இருத்திவிட்டுத் தண்ணி அள்ளினவனைப் பார்ப்பதுபோல்.

“வந்திட்டாதானே அண்ணை!” என்று சிரித்தார் ரவி.

“ஓம். வந்திட்டா.”

அவர் கோழை என்று நினைத்தால் அது பிழை. பெற்றோல் நிலையத்தில் அவரோடு நின்றவருடைய தம்பி ஏஜென்சியில் வெளிக்கிட்டு, ஏதோ ஓர் எல்லையில் பனிக்குள் இறக்கிவிடப்பட்டு, சப்பாத்தில்லாமல் நடந்து, இரண்டு பாதமும் வெட்டுப்பட்டுக் கிடந்தவர். அண்ணை அந்தப் பொடியனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். போர்வை எந்த இடத்தில் தட்டையாகிப் போனது என்று எனக்குக் கையால் காட்டினார். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சறத்தில் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மகன் பிறந்தபோது, குழந்தையைப் பயமில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். தலையை முழங்கை மடிப்பில் ஒளித்து, மற்றக் கையால் மூடி, உடம்பையே வளைத்து ஒரு கூடாக்கிக்கொண்டு, அறைக்கு அறை போவார். குவியலுக்குள் ஓடுகிறவன் பந்தைப் பிடிக்கும் அதே பிடி. ரவி வேறு மாதிரி. வேலையால் வந்ததும் பிள்ளையைக் கூரைக்கு வீசிப் பிடிப்பார். பிள்ளை மேலே போய் ஒரு கணம் நிற்பான், வாயெல்லாம் சிரிப்பாக. முதல்முறை அதைக் கண்ட அண்ணை சுவரைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார். பிறகு தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, பிடிச்சாச்சோ?”

“பிடிச்சாச்சு அண்ணை. இறங்கி வாங்கோ.”

அந்த விளையாட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எறிந்த பந்து மண்ணில் விழுந்தால் மணிக்கூடு நின்றுவிடும். ஓடினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே முன்னணியில் நிற்கிறவர்கள் கடைசி நேரத்தில் எறியவே மாட்டார்கள். ஓடி ஓடி நேரத்தைத் தின்பார்கள். நேரக்கணிப்பாளருக்கு இது தேன். திரையின் மூலையில் நொடிகள் உதிர்வதை அவர் ரசித்து ரசித்துப் பார்ப்பார்.

“பாத்தியே தம்பி. முன்னுக்கு நிக்கிறவனுக்கு நேரம் கூட்டாளி.”

“பின்னுக்கு நிக்கிறவனுக்கு, அண்ணை?”

அவர் கண் திரையின் மூலையிலேயே இருந்தது. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே அவருக்குப் படவில்லை என்று நினைக்கிறேன். தான் முன்னுக்கு நிற்பதாகவே அவர் நம்பியிருந்தார். உயிர் இருக்கிறது, வேலை இருக்கிறது, தற்காலிகமானாலும் இருக்க அனுமதி இருக்கிறது. இன்னும் சில வருடம் பிழையில்லாமல் நகர்ந்தால், மனைவியையும் மகளையும் சட்டப்படி, நேர்வழியில், வெளிச்சத்தில் கூப்பிடலாம். நாலடி. இன்னும் நாலடி.

இப்போது அந்த ஜனவரி ஞாயிறு.

நான் வந்து ஒரு வருடமோ என்னவோ. என்னைக் கொண்டுவந்த அதே ஏஜென்சிக்காரன் ரவியிடம் சொல்லியிருந்தான்: ஒரு பாதை திறந்திருக்கிறது, இரண்டு இடம் இருக்கிறது, தாயும் பிள்ளையும் என்றால் சந்தேகப்படமாட்டார்கள், அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசி எடுப்பான், ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும், வேறு ஆட்களும் கேட்கிறார்கள். ரவி இரண்டு நாளாக அவரைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

“அண்ணை, உவன் நல்லவன் இல்லைத்தான். ஆனா வேலைகாரன். இவளைக் கொண்டந்தவன்.”

“ம்.”

“இப்ப ஊரிலை கொஞ்சம் அமைதி. கொழும்புக்கு வந்து ஏறலாம். நாளைக்கு எப்பிடியோ?”

“பாப்பம் தம்பி.”

அன்றைக்கு அவருடைய அணி விளையாடியது. தோற்றால் வெளியே. ஆட்டம் முடிய ஒரு சில நிமிடம். அவர்கள் கொஞ்சம் முன்னுக்கு. பந்தும் அவர்கள் கையில். திரையில் பனி பறந்தது. எங்கள் யன்னலுக்கு வெளியே மழை.

“நடுவாலை” என்றார். நடுவாலை போனார்கள். இரண்டடி.

“அண்ணை, ஒருக்கா எறியச் சொல்லுங்கோ. ஒருத்தரும் எதிர்பார்க்கமாட்டாங்கள். அவங்கள் எல்லாரும் நடுவுக்கை நிக்கிறாங்கள், பாருங்கோ!”

“விழுந்தா யார் எடுக்கிறது?” அவருடைய கை மறுபடி காற்றைக் கீறியது. நடுவாலை. ஒன்றுமில்லை. மறுபடி நடுவாலை. ஒரு அடி. தடித்த பயிற்சியாளர் கட்டிய கையை எடுக்காமலே நின்றார். நாலாவது தரம் உதைத்துவிட்டார்கள்.

ரவி தலையில் கை வைத்தார். “உதைச்சுக் குடுத்தாச்சு. தங்கட கையாலையே குடுத்தாச்சு!”

“குடுக்கேல்லை. தூரத்திலை வைச்சிருக்கு.”

அப்போது வீட்டு வாசல் நடையில் தொலைபேசி அடித்தது.

அவர் கோப்பையைத் தரையில் வைத்து, அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்து, எழுந்து போனார். கதவு திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

“ஓம்… ஓம், நான்தான்… இல்லை. இந்தமுறை வேண்டாம்… பயம் எண்டில்லை. என்ரை அலுவல் இன்னும் கொஞ்சக் காலத்திலை சரிவரும்… ஓம். பேந்து பாப்பம்.”

திரும்பி வந்து கதிரையில் இருந்தார். ரவி திரையையே பார்த்தபடி சொன்னார்: “முடிஞ்சுது அண்ணை. நீங்கள் கதைக்கேக்கை அவங்கள் ஒரு எறி எறிஞ்சாங்கள். ஒண்டு. உங்கட ஆக்கள் வெளியிலை.”

பனிக்குள் அவருடைய ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர் அவர்களை நெடுநேரம் பார்த்தார்.

“எங்கட ஆக்கள் ஒரு பிழையும் விடேல்லை” என்றார்.

ரவிக்கு அன்று பொறுக்கவில்லை. குசினி அடுப்படியில் என்னிடம் சொல்வதுபோல, அவருக்குக் கேட்கத்தான் சொன்னார். “எறியக்கூடிய நேரத்திலை எறியாதவன், கடைசியிலை எறிஞ்சுதான் ஆகவேணும் எண்ட நேரத்திலை எறிவான். அப்ப மைதானத்திலை நிக்கிற எல்லாருக்கும் தெரியும், உவன் எறியப்போறான் எண்டு. ஒருத்தன் விடமாட்டான்.” மேலே போகும் படிச்சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு, இரண்டு கால், ஒரு படி. இரண்டு கால், ஒரு படி.

அவர் காத்திருந்த வருடமும் வந்தது, தொண்ணூறு. குரொய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த உயர்ந்த கட்டடத்துக்குப் போய், இருவரையும் கூப்பிட விண்ணப்பமும் போட்டார். அந்த வருடமே ஊரில் சண்டை மறுபடி மூண்டு, பாதை மூடியது. கொழும்புத் தூதரகத்தில் மனைவியையும் மகளையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வர அப்போது கிளாலிக் கடனீரேரி ஒன்றே வழி. இருட்டில், விளக்கில்லாத வள்ளத்தில். கடற்படை சுடும். சிலர் இந்தக் கரையிலிருந்து போவார்கள், அந்தக் கரைக்குப் போய்ச் சேரமாட்டார்கள்.

வெளிச்சத்து வழி என்று அவர் காத்திருந்த வழியின் வாசலில் அந்தக் கறுத்த தண்ணீர் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லாத காலம். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: நில்லுங்கோ, பாதை திறக்கட்டும். நேர்முகத்துக்கு ஆள் போகவில்லை. விண்ணப்பம் செத்தது. மறுபடி போட்டார். மறுபடி அழைப்பு. மறுபடி, நில்லுங்கோ. மூன்றாம் தரமும் அதே.

மூன்று தரம் நடுவாலை. பிறகு உதை.

வீட்டில் எங்கள் மகன் சைக்கிள் ஓடப் பழகினான். அவர் ஒவ்வொரு ஞாயிறும் இறங்கி வந்தார். அவர் அணியின் தடித்த பயிற்சியாளரை எப்போதோ வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்தவன் எறியவே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அணியை மாற்றவில்லை. சுவரைப் பார்க்கும் நேரம்தான் கூடியது.

தொண்ணூற்றைந்தில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. மழைக்குள், ஒரே பாலத்தால், ஒரு நகரம் முழுவதும். அந்தக் கூட்டத்துக்குள் அவருடைய இருவரும் நடந்தார்கள். மரங்களுக்குக் கீழே மாதக்கணக்கில் இருந்து, வவுனியாவுக்கு வந்து, கடைசியில் கொழும்பில் ஒரு விடுதி அறை. அங்கிருந்து தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்து அவரைக் கூப்பிட்டேன். பேசி முடித்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்காமல், தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

“குரல் மாறிப்போச்சு, பிள்ளை. தாயெண்டு நினைச்சுத் தாயின்ரை பேரைச் சொல்லிக் கதைச்சுப்போட்டன். குஞ்சுதான் கதைச்சது.”

ஏழு வயதில் விட்டுவந்த குஞ்சுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பதினெட்டுக்குக் கீழ் என்றால்தான் தகப்பனோடு சேர விடுவார்கள். விசா தாய்க்கு மட்டும் கிடைக்கும் என்றார்கள். தாய் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “இவளைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்.” விடுதிகளில் பொலிஸ் புகுந்து தமிழ்ப் பெட்டையளை ஏற்றிக்கொண்டு போகிற காலம்.

கூட்டாளி என்று அவர் நம்பியிருந்த நேரம் வேறு யாரோடோ நின்றது.

ஒரு காலையில் எங்கள் குசினி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“தம்பி, உந்த ஏஜென்சிக்காரன்ரை நம்பர் இருக்கோ?”

ரவி கத்தியை வைத்தார். வெங்காயம் பாதியில் நின்றது. வேறொரு நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அன்று தாழ்ந்த குரலில்தான் சொன்னார். “அவன் எப்பவோ விட்டிட்டுப் போட்டான் அண்ணை. இப்ப நிக்கிறவங்களை எனக்குத் தெரியாது. எல்லாப் பாதையிலையும் ஆள் நிக்கிறான். அப்ப மாதிரி இல்லை.”

“தெரியும். கேளும்.”

ரவி ஒருவனைத் தேடிப் பிடித்துப் பேசி முடித்த அன்றுதான் நான் குஞ்சோடு பேசினேன். நீ வந்தனீதானே, நீயே சொல்லு என்று ரிசீவரை என் கையில் தந்துவிட்டு அவர் வெளியே போய் மழைக்குள் நின்றார். யன்னலால் அவர் முதுகு தெரிந்தது.

“அக்கா, அப்பா இப்பவும் பஸ் நிண்டாப் பிறகுதானே இறங்குவார்?” என்றாள் அவள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயமேயில்லை.

“ஓம். நிண்டு, ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் இறங்குவார்.”

“எனக்கு என்ன சொல்லப்போறியள், அக்கா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு காலுறை போடு. ஆர் என்ன சொன்னாலும் சப்பாத்தைக் கழட்டாதை, நித்திரைக்கும் கழட்டாதை. கூட்டத்தில் எப்போதும் நடுவிலே நில்.

“நடுவாலை” என்று அவள் சொன்னாள். “அப்பா கடிதத்திலை எழுதுறவர். ஏதோ விளையாட்டாம்.”

அவள் போனாள். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நகரத்திலிருந்து இரண்டு முறை பேசினாள். இரண்டாம் முறை: “அப்பா, நாளைக்கு வெளிக்கிடுறமாம். கடலாலையோ தரையாலையோ தெரியாது. சப்பாத்துப் போட்டிருக்கிறன் எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஏஜென்சிக்காரன் முதலில், ஆளை மற்றக் கைக்குக் குடுத்தாச்சு என்றான். பிறகு, அந்தக் கையைத் தனக்குத் தெரியாது என்றான். பிறகு அந்த எண்ணில் ஆளே இல்லை. காணாமற் போனவர்களைத் தேடுகிற இடங்களுக்கு நானும் அவரும் போனோம். உயரம் கேட்டார்கள். அவர் கையைத் தன் இடுப்புக்கு நேரே தூக்கி, ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில் காட்டினார். பிறகு அந்தக் கையை மெல்ல மெல்ல மேலே கொண்டு போனார். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல், தோளருகே வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: “நான் ஒருக்காத்தான் எறிஞ்சனான், பிள்ளை.”

அவருடைய மனைவி கொழும்பு விடுதியை விட்டு வர மறுத்துவிட்டார். குஞ்சுக்கு மனப்பாடமான விலாசம் அது ஒன்றுதான், தேடி வந்தால் அங்கேதான் வருவாள் என்றார். சில காலத்துக்குப் பிறகு அண்ணையும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அத்தனை வருடம் நாலடி நாலடியாகச் சேர்த்த நாட்டைக் குசினி மேசையில் சாவியோடு வைத்துவிட்டுப் போனார். அதற்கு முந்திய குளிர்காலத்து ஞாயிறு ஒன்றுதான் எனக்குள் விடாமல் சுழல்கிறது.

அவர் இறங்கி வந்து கதிரையில் இருந்தார். தேநீர் இல்லை. திரையில் அவருடைய அணி; மூன்றாவது தரம்; போக வேண்டிய தூரம் நெடியது. கையை நீட்டுவார் என்று பார்த்தேன். நீட்டவில்லை. ரவி வேலைச் சட்டையோடு வாசலில் நின்றார்.

பந்தை வாங்கிய இளம் ஆட்டக்காரன் பின்வாங்கி, தோளைத் திருப்பி, எறிந்தான்.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபடி இருந்தார். பந்து எழுந்தது. விளக்குகளுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, பனி வருகிற இருட்டுக்குள் சுழன்று சுழன்று போனது. கீழே இரண்டு பேர் அண்ணாந்தபடி ஓடினார்கள், ஒருவன் அவருடைய ஆள், ஒருவன் மற்றவன். பந்து வளைந்து இறங்கத் தொடங்கியபோது அவர் எழுந்து, குனிந்து, தொலைக்காட்சியை நிறுத்தினார்.

அறைக்குள் மழைச்சத்தம் வந்தது.

“விழேல்லைத்தானே, பிள்ளை?”

“இல்லை அண்ணை. விழேல்லை.”

அந்தக் காலத்துத் தொலைக்காட்சிகள் உடனே அணைந்துவிடமாட்டா. திரை முழுவதும் கறுத்த பிறகும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.